தென்னாப்பிரிக்க அரசைக் கேள்வி கேட்பவர்கள் யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பிரிக்க அரசுகளின் ஆட்சிமுறையை மதிப்பிடுவது பற்றிப் பொதுவாகப் பேசினால் எதுவும் தெளிவாகாது. கண்டத்தில் 54 நாடுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் சட்டமும் வரலாறும் வேறு. ஆகவே இங்கே தென்னாப்பிரிக்காவை மட்டும் எடுத்துக்கொண்டு, அங்கே அரசைக் கண்காணிக்கும் பொறுப்பு யாரிடம் இருக்கிறது, அது எப்போது பலித்தது, எப்போது பலிக்கவில்லை என்ற கேள்விகளுக்கு விடை தரப்பட்டுள்ளது.

தென்னாப்பிரிக்காவை எடுத்துக்கொண்டது ஏன்?

அங்கே நடந்தவை பெரும்பாலும் ஆவணமாகப் பதிவாகியிருப்பதே முதற்காரணம். தீர்ப்புகள், தணிக்கை அறிக்கைகள், விசாரணை ஆணையத்தின் சாட்சியங்கள், நாடாளுமன்ற வாக்கெடுப்புகளின் எண்ணிக்கை ஆகிய எல்லாமே பொதுமக்கள் பார்வைக்குக் கிடைக்கின்றன. ஊழல் நடந்த நாடுகள் பல உண்டு. ஆனால் பதவியில் இருக்கும் அதிபர் அரசமைப்புச் சட்டத்தை மீறினார் என்று அந்நாட்டு நீதிமன்றமே தீர்ப்பளித்து, அவரும் பணத்தைத் திருப்பிக் கட்டிய நாடுகள் மிகக் குறைவு. அதே நாட்டில், எச்சரிக்கை அறிக்கை கையில் இருந்தும் ஆண்டுக்கணக்கில் எதுவும் செய்யப்படாமல் போன நிகழ்ச்சிகளும் உண்டு. இந்த இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க முடிவதால்தான் இந்நாடு ஆராயத் தக்கதாகிறது.

ஆப்பிரிக்க நாடுகள் ஒன்றையொன்று மதிப்பிட்டுக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறதா?

இருக்கிறது. 2003 மார்ச்சில் நைஜீரியத் தலைநகர் அபுஜாவில் கையெழுத்தான ஒப்பந்தத்தின் வழியாக ‘ஆப்பிரிக்க சக நாடுகள் மதிப்பாய்வு’ என்ற ஏற்பாடு தொடங்கப்பட்டது. இதில் சேர்வது ஒவ்வொரு நாட்டின் விருப்பம். சேர்ந்த நாடு முதலில் தன்னைத்தானே மதிப்பிட்டு ஓர் அறிக்கை தயாரிக்க வேண்டும். மக்களாட்சியும் அரசியலும், பொருளாதார நிர்வாகம், நிறுவனங்களின் நிர்வாகம், சமூகப் பொருளாதார வளர்ச்சி ஆகிய நான்கு துறைகளை அம்மதிப்பீடு தழுவியிருக்கும். அதன்பின் வெளிநாட்டு ஆப்பிரிக்க அறிஞர்கள் கொண்ட குழு அந்நாட்டுக்கு நேரில் சென்று, அரசு, எதிர்க்கட்சி, தொழிற்சங்கம், தொண்டு நிறுவனங்கள் எனப் பலரைச் சந்தித்துத் தன் அறிக்கையை எழுதும். இறுதியில் உறுப்பு நாடுகளின் தலைவர்கள் கூடி, மதிப்பிடப்படும் நாட்டின் தலைவர் முன்னிலையிலேயே அதை விவாதிப்பார்கள். குறைகளைக் களைவதற்கான செயல்திட்டத்துக்கு அந்நாடு உறுதி கூறும்.

மேலைநாடுகளின் கடன் நிபந்தனைகளுக்குப் பதிலாக ஆப்பிரிக்கர்களே ஆப்பிரிக்கர்களை மதிப்பிட வேண்டும் என்ற எண்ணம் இதன் பின்னால் இருந்தது. அது மதிக்கத்தக்க எண்ணம். கானா, ருவாண்டா, கென்யா, மொரீஷியஸ் ஆகிய நாடுகள் மதிப்பாய்வுக்கு முதலில் முன்வந்தன. ஏற்பாட்டின் செயலகம் ஜோகன்னஸ்பர்க்குக்கு அருகே மிட்ராண்டில் இயங்குகிறது. பரிந்துரையைச் செயல்படுத்தாத நாட்டின் மீது எடுக்கக் கூடிய நடவடிக்கை எதுவும் ஒப்பந்தத்தில் வலுவாகச் சொல்லப்படவில்லை என்பதே இதன் பெருங்குறை.

அந்த மதிப்பாய்வு தென்னாப்பிரிக்காவைப் பற்றி என்ன சொன்னது?

தென்னாப்பிரிக்காவின் மதிப்பாய்வு 2007இல் நிறைவடைந்தது. நைஜீரியப் பொருளியலாளர் அடெபாயோ அடெடெஜி தலைமையில் சென்ற குழு, நாட்டின் அரசமைப்பையும் நீதித்துறையையும் பாராட்டியது. அதோடு, பிற ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள் மீது வெறுப்பு வளர்ந்துவருகிறது, அதை முளையிலேயே கிள்ள வேண்டும் என்றும் எச்சரித்தது. அப்போதைய அதிபர் தாபோ எம்பெக்கி இந்த ஏற்பாட்டை உருவாக்கியவர்களில் ஒருவர். அவருடைய அரசே அந்தக் கருத்தை உண்மையல்ல என்று மறுத்தது. குற்றச்செயல்கள் பற்றிய பகுதியையும் ஏற்க மறுத்தது.

2008 மே மாதம் ஜோகன்னஸ்பர்க்கின் அலெக்சாண்டிரா பகுதியில் வெளிநாட்டு ஆப்பிரிக்கர்கள் மீது தாக்குதல் தொடங்கி நாடெங்கும் பரவியது. 62 பேர் கொல்லப்பட்டார்கள், பல்லாயிரக்கணக்கானோர் வீடிழந்தார்கள். அறிக்கை விவாதிக்கப்பட்டு ஓராண்டுகூட அப்போது ஆகியிருக்கவில்லை. கென்யாவிலும் இதுவே நடந்தது: இனப் பிளவையும் நிலப் பிரச்சினையையும் 2006ஆம் ஆண்டு மதிப்பாய்வு சுட்டிக்காட்டியிருந்தது, 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பின் வெடித்த வன்முறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

மதிப்பாய்வு தவறாகக் கணிக்கவில்லை, துல்லியமாகவே கணித்தது. அதைக் கேட்டுச் செயல்படச் சட்டக் கடமை கொண்டவர் எவரும் இல்லை. இந்தப் பக்கத்தில் வரும் மற்ற விடைகளைப் படிக்கும்போதும் இந்த இடைவெளியை மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். உண்மையைக் கண்டறிவதில் அந்நாடு திறமை குறைந்ததல்ல. கண்டறிந்த உண்மை யாரைக் கட்டுப்படுத்தும் என்பதில்தான் ஒவ்வொரு முறையும் சிக்கல் எழுந்தது.

உள்நாட்டில் அரசைக் கண்காணிக்கும் அமைப்புகள் எவை?

1996ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாம் அத்தியாயம் ஆறு சுதந்திர அமைப்புகளை நிறுவியது. மக்கள் பாதுகாவலர், மனித உரிமை ஆணையம், பாலினச் சமத்துவ ஆணையம், பண்பாட்டு, சமய, மொழிச் சமூகங்களின் உரிமைகளுக்கான ஆணையம், தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், தேர்தல் ஆணையம் ஆகியவை அவை. இவை அரசமைப்புக்கும் சட்டத்துக்கும் மட்டுமே கட்டுப்பட்டவை. நாடாளுமன்றத்தின் தேசிய அவைக்குப் பதில் சொல்ல வேண்டியவை.

இவற்றில் மக்கள் பாதுகாவலர் பதவி சிறப்பானது. எந்தக் குடிமகனும் கட்டணமில்லாமல் அவரிடம் முறையிடலாம். அதிபர் முதல் கிராம அலுவலகம் வரை யாரையும் அவர் விசாரிக்கலாம். விசாரித்து முடித்தபின் ‘தகுந்த பரிகார நடவடிக்கை’ எடுக்கலாம் என்று 182ஆம் பிரிவு சொல்கிறது. பதவிக்காலம் ஏழு ஆண்டுகள், மறுநியமனம் கிடையாது. மீண்டும் பதவி கிடைக்கும் என்ற ஆசை காட்டி அவரை வளைக்க முடியாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். நியமனத்துக்குத் தேசிய அவையில் 60 விழுக்காட்டு ஆதரவும், நீக்கத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும் தேவை.

மக்கள் பாதுகாவலரின் அறிக்கை வெறும் பரிந்துரைதானா?

இந்தக் கேள்விக்கு விடை கிடைக்க 20 ஆண்டுகள் ஆயின. விடையைத் தந்தது என்கான்ட்லா வழக்கு.

குவாசூலு-நட்டால் மாகாணத்தில் உள்ள என்கான்ட்லாவில் அப்போது அதிபராக இருந்த ஜேக்கப் ஜூமாவின் சொந்த வீடு இருக்கிறது. அதிபரின் பாதுகாப்புக்கு என்று சொல்லி அங்கே அரசுப் பணத்தில் கட்டுமானம் நடந்தது. மதிப்பிடப்பட்ட செலவு 24.6 கோடி ராண்ட் (ராண்ட் என்பது தென்னாப்பிரிக்க நாணயம்). அப்போது மக்கள் பாதுகாவலராக இருந்த தூலி மடோன்செலா 2014 மார்ச் 19 அன்று வெளியிட்ட அறிக்கையில், பார்வையாளர் கூடம், திறந்தவெளி அரங்கு, மாட்டுத் தொழுவம், கோழிக் கூண்டு, நீச்சல் குளம் ஆகிய ஐந்துக்கும் பாதுகாப்புக்கும் தொடர்பில்லை என்று கண்டறிந்தார். அவற்றின் செலவில் நியாயமான ஒரு பங்கை அதிபர் திருப்பிச் செலுத்த வேண்டும் என்பது அவர் விதித்த பரிகாரம்.

அதிபர் செலுத்தவில்லை. நாடாளுமன்றத்தில் ‘பணத்தைத் திருப்பிக் கொடு’ என்ற எதிர்க்கட்சியினரின் முழக்கம் எழுந்து அவைக் கூட்டமே தடைப்பட்டது. காவல் துறை அமைச்சர் தனியாக ஓர் அறிக்கை தயாரித்து, 2015 மே மாதம், நீச்சல் குளம் தீயணைப்புக்கான நீர்த்தேக்கம் என்றும் அதிபர் எதையும் செலுத்த வேண்டியதில்லை என்றும் அறிவித்தார். தேசிய அவை அமைச்சரின் அறிக்கையை ஏற்றுக்கொண்டது. அதாவது, அரசமைப்பு உருவாக்கிய சுதந்திர அமைப்பின் முடிவை, அதிபரால் நியமிக்கப்பட்ட அமைச்சரின் முடிவைக் கொண்டு ஓரம்கட்டினார்கள்.

எதிர்க்கட்சிகள் வழக்குத் தொடுத்தன. 2016 மார்ச் 31 அன்று அரசமைப்புச் சட்ட நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதைத் தலைமை நீதிபதி மொகோயெங் மொகோயெங் வாசிக்க, நாடே தொலைக்காட்சியில் கேட்டது. மக்கள் பாதுகாவலரின் பரிகார நடவடிக்கை சட்டப்படி கட்டுப்படுத்தக் கூடியது. அதை ஏற்காதவர் நீதிமன்றத்துக்குச் சென்று ரத்து செய்யக் கோரலாமே தவிர, தானாகவே புறக்கணிக்க முடியாது. அதிபர் அரசமைப்பைக் காத்துப் போற்றத் தவறினார். தேசிய அவையும் தன் கடமையில் தவறியது. இவையே தீர்ப்பின் சாரம். செலுத்த வேண்டிய தொகையைக் கருவூலம் கணக்கிட்டது. ஏறத்தாழ 78 லட்சம் ராண்டை ஜூமா 2016 செப்டம்பரில் செலுத்தினார்.

24.6 கோடியில் 78 லட்சம் சிறு தொகைதான். ஆனால் அந்தத் தீர்ப்பு வந்த நாள் முதல் மக்கள் பாதுகாவலரின் அறிக்கையை எந்த அமைச்சகமும் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்ட முடியாமல் போயிற்று. அடுத்து வந்த பெரிய விசாரணைக்கு வழி திறந்ததும் இத்தீர்ப்பே.

நாடாளுமன்றம் ஏன் அதிபரைத் தடுக்கவில்லை?

தென்னாப்பிரிக்காவில் அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை; 400 உறுப்பினர் கொண்ட தேசிய அவை தேர்ந்தெடுக்கிறது. அதே அவைதான் அவரைக் கண்காணிக்கவும் வேண்டும். உறுப்பினர்களோ தொகுதியில் வென்று வருபவர்கள் அல்லர்; கட்சி தயாரிக்கும் பட்டியலிலிருந்து, கட்சி பெற்ற வாக்கு விகிதப்படி வருபவர்கள். கட்சியிலிருந்து நீக்கப்பட்டால் அவை உறுப்பினர் பதவியும் போய்விடும். கட்சித் தலைவரே அதிபராக இருக்கும்போது, அவரைக் கேள்வி கேட்கும் உறுப்பினர் தன் பிழைப்பையே பணயம் வைக்கிறார்.

நீதிமன்றத் தீர்ப்பு வந்த சில நாட்களில், 2016 ஏப்ரலில், அதிபரை நீக்கக் கோரும் தீர்மானம் கொண்டுவரப்பட்டது. ஆதரவு 143, எதிர்ப்பு 233. தவறு செய்ததாக அரசமைப்புச் சட்ட நீதிமன்றமே சொன்ன பிறகும் ஆளுங்கட்சியான ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் அவரோடு நின்றது. 2017 ஆகஸ்ட் 8 அன்று நடந்த நம்பிக்கையில்லா வாக்கெடுப்பை, சபாநாயகர் மறைமுக வாக்கெடுப்பாக நடத்த அனுமதித்தார். அந்த அதிகாரம் அவருக்கு உண்டு என்று அரசமைப்புச் சட்ட நீதிமன்றம் அதற்குச் சில வாரங்கள் முன்பு தெளிவுபடுத்தியிருந்தது. ஆதரவு 177, எதிர்ப்பு 198, நடுநிலை 9. ஜூமா தப்பினார், ஆனால் பெயர் தெரியாது என்றவுடன் ஆளுங்கட்சி உறுப்பினர்களில் ஒரு பகுதியினர் மாற்றி வாக்களித்தது எண்ணிக்கையிலிருந்தே தெரிந்தது. உறுப்பினர்களுக்கு மனச்சாட்சி இல்லை என்று சொல்வதைவிட, மனச்சாட்சிப்படி வாக்களிப்பவர்களைத் தண்டிக்கும் தேர்தல் முறை இருக்கிறது என்று சொல்வதே சரி என நினைக்கிறேன்.

அதே ஆண்டு டிசம்பர் 29 அன்று, அதிபரைப் பதவிநீக்கம் செய்வதற்கான விதிமுறைகளையே அவை வகுக்கவில்லை என்று நீதிமன்றம் கண்டித்தது. அதன்பின் 2018இல் விதிகள் இயற்றப்பட்டன. 2022இல் அவ்விதிகள் முதன்முறையாகச் சோதிக்கப்பட்டன: அதிபர் சிரில் ராமபோசாவின் பாலா பாலா பண்ணையிலிருந்து 2020 பிப்ரவரியில் அமெரிக்க டாலர் நோட்டுகள் திருடுபோன விவகாரத்தில், முன்னாள் தலைமை நீதிபதி சண்டீலே என்கோபோ தலைமையிலான சுதந்திரக் குழு, அதிபர் பதில் சொல்ல வேண்டிய முகாந்திரம் இருக்கலாம் என்று அறிக்கை தந்தது. அவை 214க்கு 148 என்ற கணக்கில் மேல்விசாரணை வேண்டாம் என்று முடிவெடுத்தது. ஆள் மாறியும் வாக்களிக்கும் முறை மாறவில்லை.

‘அரசைக் கைப்பற்றுதல்’ என்று எதைச் சொல்கிறார்கள்?

சாதாரண ஊழலில் ஒருவர் ஒரு ஒப்பந்தத்துக்காக ஓர் அதிகாரிக்குப் பணம் கொடுப்பார். அரசைக் கைப்பற்றுதலில், யார் அமைச்சர், யார் அரசு நிறுவனத் தலைவர், யார் வழக்குத் தொடுக்கும் அதிகாரி என்பதையே வெளியார் தீர்மானிப்பார்கள். அதன்பின் ஒப்பந்தங்கள் தாமாகவே வந்து சேரும்.

இதன் மையத்தில் இருந்தவர்கள் உத்தரப் பிரதேசத்தின் சஹாரன்பூரிலிருந்து 1990களில் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்று, ஜூமாவுக்கு நெருக்கமான தொழிலதிபர்களான குப்தா சகோதரர்கள். 2013 ஏப்ரலில் அவர்கள் வீட்டுத் திருமண விருந்தினரின் விமானம் வாட்டர்குளூஃப் விமானப்படைத் தளத்தில் இறங்கியபோதுதான் அவர்களின் செல்வாக்கு பொதுமக்களுக்கு முழுமையாக உறைத்தது. 2015 டிசம்பர் 9 அன்று நிதியமைச்சர் இன்லான்லா நெனே திடீரென நீக்கப்பட்டு, அதிகம் அறியப்படாத ஒருவர் அமர்த்தப்பட்டார். ராண்டின் மதிப்பு சரிந்ததால் நான்கே நாளில் அவரும் மாற்றப்பட்டு பிரவீன் கோர்தன் வந்தார். நெனேயின் பதவியைத் தனக்குத் தருவதாகவும், ஒத்துழைத்தால் 60 கோடி ராண்ட் தருவதாகவும் குப்தா குடும்பத்தினர் பேரம் பேசினார்கள் என்று துணை நிதியமைச்சர் எம்செபிசி ஜோனாஸ் பின்னர் வெளிப்படுத்தினார். குப்தா குடும்பத்தினர் இதை மறுத்தார்கள்.

மடோன்செலா தம் பதவிக்காலத்தின் கடைசி வாரங்களில் இதை விசாரித்து அறிக்கை எழுதினார். அதிபரே விசாரணை ஆணையத்தை நியமிக்க வேண்டும், ஆனால் அதற்குத் தலைமை ஏற்கும் நீதிபதியைத் தலைமை நீதிபதிதான் தெரிவு செய்ய வேண்டும் என்று அதில் விதித்தார். விசாரிக்கப்படுபவரே விசாரணை அதிகாரியைத் தேர்ந்தெடுக்கும் கேட்டைத் தவிர்க்க இதைவிடக் கூர்மையான ஏற்பாடு எனக்குத் தோன்றவில்லை. ஜூமா நீதிமன்றத்தில் எதிர்த்துத் தோற்று, 2018 ஜனவரியில் ஆணையத்தை நியமித்தார். அடுத்த மாதம், பிப்ரவரி 14 அன்று, தம் கட்சியின் நெருக்குதலால் பதவி விலகினார்.

ஆணையம் கண்டறிந்தது என்ன?

துணைத் தலைமை நீதிபதி ரேமண்ட் ஜோண்டோ தலைமையிலான ஆணையம் 2018 ஆகஸ்ட் 20 அன்று விசாரணையைத் தொடங்கி, 400 நாட்களுக்கு மேல், 300க்கும் அதிகமான சாட்சிகளைக் கேட்டது. சாட்சியங்கள் தொலைக்காட்சியில் நேரலையாகச் சென்றன. 2022 ஜனவரி முதல் ஜூன் வரை அறிக்கை பகுதி பகுதியாக வெளிவந்தது.

அரசு ரயில், துறைமுக நிறுவனமான டிரான்ஸ்நெட், மின் நிறுவனமான எஸ்கோம், வருவாய்த் துறை, தென்னாப்பிரிக்க ஏர்வேஸ் ஆகியவை எப்படி உள்ளிருந்து சிதைக்கப்பட்டன என்பதை அறிக்கை விவரிக்கிறது. ஓர் எடுத்துக்காட்டு போதும்: டிரான்ஸ்நெட் 1,064 ரயில் எஞ்சின்கள் வாங்க 3,860 கோடி ராண்ட் என்று மதிப்பிட்டிருந்தது, ஒப்பந்தம் கையெழுத்தானபோது அது 5,450 கோடியாக உயர்ந்திருந்தது. இந்தக் கொள்ளையின் விலையை மக்கள் பின்னர் மின்வெட்டாகவும், ஓடாத சரக்கு ரயில்களாகவும் கொடுத்தார்கள்.

அறிக்கை நாடாளுமன்றத்தையும் விட்டுவைக்கவில்லை. செய்தித்தாள்களில் ஆண்டுக்கணக்கில் வந்த குற்றச்சாட்டுகளைக் குழுக்கள் விசாரிக்கத் தவறியதைச் சுட்டிக்காட்டி, எதிர்க்கட்சியினருக்குக் கூடுதல் குழுத் தலைமை தருவது, அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பது போன்ற மாற்றங்களை ஆராயச் சொன்னது. ஆணையத்தின் முன் வர மறுத்த ஜூமாவுக்கு அரசமைப்புச் சட்ட நீதிமன்றம் 2021 ஜூன் 29 அன்று 15 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. அவர் சிறை சென்றதைத் தொடர்ந்து குவாசூலு-நட்டால், ஹவுடெங் ஆகிய மாகாணங்களில் மூண்ட கலவரத்தில் 350க்கும் அதிகமானோர் இறந்தார்கள்.

குற்றவாளிகள் தண்டிக்கப்பட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. அரசு வழக்குத் துறையே கைப்பற்றப்பட்ட அமைப்புகளில் ஒன்று என்பதால் அதை மீண்டும் கட்டியெழுப்ப வேண்டியிருந்தது. ஊழலுக்கு எதிராகத் திறம்படச் செயல்பட்ட ‘ஸ்கார்பியன்ஸ்’ என்ற புலனாய்வுப் பிரிவை நாடாளுமன்றம் கலைத்தது ஜூமா ஆட்சிக்கு வரும் தறுவாயில்தான். அதற்கு ஈடான நிரந்தரப் பிரிவு வழக்குத் துறைக்குள் செயலுக்கு வர 2024 ஆகிவிட்டது. குப்தா சகோதரர்களை நாடுகடத்தி ஒப்படைக்க வேண்டும் என்ற கோரிக்கையை ஐக்கிய அரபு அமீரகம் 2023இல் ஏற்கவில்லை.

பணம் ஓரளவு திரும்பியது. எஸ்கோம் ஒப்பந்தங்களுக்காக சுவிட்சர்லாந்தின் பொறியியல் நிறுவனமான ஏபிபி 2022 டிசம்பரில் 250 கோடி ராண்டுக்கு மேல் செலுத்த ஒப்புக்கொண்டது. நிறுவனங்கள் அபராதம் கட்டி வெளியேறுவதும், பதவியில் இருந்து கையெழுத்திட்டவர்கள் வெளியே நடமாடுவதும் மக்களின் மனத்தில் ஏற்படுத்தும் கசப்பைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

கண்காணிப்பவரே தவறினால் என்ன செய்வது?

மடோன்செலாவுக்குப் பின் வந்த புசிசிவே எம்க்வெபானேயின் பல அறிக்கைகளை நீதிமன்றங்கள் ரத்து செய்தன. மத்திய வங்கி தொடர்பான வழக்கில், வழக்குச் செலவின் ஒரு பகுதியை அவர் சொந்தப் பணத்தில் கட்ட வேண்டும் என்று 2019 ஜூலையில் அரசமைப்புச் சட்ட நீதிமன்றம் உறுதி செய்தது. நீண்ட விசாரணைக்குப் பின் 2023 செப்டம்பரில் தேசிய அவை 318க்கு 43 என்ற வாக்குகளில் அவரைப் பதவி நீக்கியது. ஒன்பதாம் அத்தியாய அமைப்பு ஒன்றின் தலைவர் இவ்வாறு நீக்கப்பட்டது அதுவே முதன்முறை. மூன்றில் இரண்டு பங்கு என்ற உயர்ந்த வரம்பு, அரசுக்குப் பிடிக்காதவரை எளிதில் அகற்ற விடாது. அதே சமயம் கட்சிகள் ஒன்றுபட்டால் தகுதியற்றவரை அகற்றவும் முடியும் என்பது தெரிந்தது.

தணிக்கையாளருக்கு என்ன அதிகாரம் இருக்கிறது?

2019 ஏப்ரல் 1 வரை தலைமைக் கணக்குத் தணிக்கையாளரால் குறைகளை எழுத மட்டுமே முடியும். அன்று நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, பெரும் முறைகேட்டைச் சரிசெய்யாத அதிகாரிக்கு அவர் கட்டளையிடலாம், வழக்கைப் புலனாய்வுக்கு அனுப்பலாம், இறுதியில் இழப்பை அந்த அதிகாரியின் சொந்தக் கடனாக்கிச் சான்றிதழ் வழங்கலாம். நாட்டின் 257 உள்ளாட்சிகளில் 2021-22ஆம் நிதியாண்டில் 38 மட்டுமே குறையில்லாத தணிக்கை பெற்றன என்பதிலிருந்து இந்தத் திருத்தத்தின் தேவை புரியும்.

சாதாரண மக்களுக்கு இதனால் என்ன பயன்?

இக்கேள்விக்கு ‘லைஃப் எசிடிமேனி’ நிகழ்வைக் காட்டிலும் பொருத்தமான விடை இல்லை. ஹவுடெங் மாகாணச் சுகாதாரத் துறை, செலவைக் குறைப்பதாகச் சொல்லி, லைஃப் எசிடிமேனி என்ற தனியார் மருத்துவ நிறுவனத்துடன் செய்திருந்த ஒப்பந்தத்தை முறித்து, அங்கே நீண்டகாலச் சிகிச்சையில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனநல நோயாளிகளை 2016இல் தொண்டு நிறுவன இல்லங்களுக்கு மாற்றியது. குடும்பத்தினரும் மருத்துவர் அமைப்புகளும் வேண்டாம் என்று முன்கூட்டியே எச்சரித்தார்கள், நீதிமன்றமும் சென்றார்கள். நோயாளிகள் பசியாலும் குளிராலும் கவனிப்பின்மையாலும் இறந்தார்கள். சில குடும்பங்களுக்குத் தங்கள் உறவினர் எந்த இல்லத்தில் இருக்கிறார் என்பதே தெரியவில்லை.

2016 செப்டம்பரில் மாகாண சட்டமன்றத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர் கேட்ட கேள்விக்கு, 36 பேர் இறந்ததாக மாகாண அமைச்சர் பதிலளித்தார். அந்த ஒரு பதில்தான் விவகாரத்தை வெளிக்கொணர்ந்தது. சுகாதாரக் குறைதீர்ப்பாளர் மலேகபுரு மக்கோபா விசாரித்து, 2017 பிப்ரவரியில் 94க்கும் மேற்பட்டோர் இறந்ததையும், 27 இல்லங்களும் செல்லாத உரிமங்களோடு இயங்கியதையும் வெளியிட்டார். இறுதிக் கணக்கு 144. முன்னாள் துணைத் தலைமை நீதிபதி டிக்காங் மொசெனெகே நடத்திய நடுவர் விசாரணையில் குடும்பத்தினர் அதிகாரிகளின் எதிரே அமர்ந்து சாட்சி சொன்னார்கள். 2018 மார்ச்சில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 12 லட்சம் ராண்ட் வீதம் இழப்பீடு வழங்க அவர் ஆணையிட்டார். அதில் 10 லட்சம் அரசமைப்பு உரிமையை மீறியதற்காக மட்டும் விதிக்கப்பட்டது. 2024 ஜூலையில் மரண விசாரணை நீதிமன்றம், முன்னாள் மாகாண அமைச்சரும் மனநலப் பிரிவின் இயக்குநரும் ஒன்பது மரணங்களுக்குக் காரணமானவர்கள் என்று கண்டறிந்தது.

சட்டமன்றக் கேள்வி, குறைதீர்ப்பாளர், நடுவர், நீதிமன்றம் என்று நான்கு படிகளும் இங்கே ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்தன. இவ்வளவு வேலை செய்தும், முதல் எச்சரிக்கையைக் கேட்டிருந்தால் அந்த 144 பேர் பிழைத்திருப்பார்கள்.

தேர்தல் எதையாவது மாற்றியதா?

2024 மே 29 தேர்தலில் ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் 40 விழுக்காட்டு வாக்குகளும் 159 இடங்களும் மட்டுமே பெற்று, 1994க்குப் பின் முதன்முறையாகப் பெரும்பான்மையை இழந்தது. ராமபோசா பல கட்சிகளோடு சேர்ந்து அரசமைக்க நேர்ந்தது. சுயேச்சைகள் போட்டியிட அனுமதிக்கப்பட்ட முதல் தேசியத் தேர்தலும் அதுவே. 2020 ஜூனில் வந்த அரசமைப்புச் சட்ட நீதிமன்றத் தீர்ப்பின் பயன் அது. ஒரே கட்சியின் கொறடா சொல்லி வாக்கெடுப்பு முடிந்துவிடும் காலம் இப்போதைக்கு இல்லை. ஆனால் முன்பு எதிர்க்கட்சியாக இருந்து கூர்மையாகக் கேள்வி கேட்டவர்களே இன்று அமைச்சர்களாக இருப்பதால், குழுக்களில் கேள்வி கேட்பவர்கள் யார் என்பது புதிய கவலையாக எழுந்திருக்கிறது.

முறைகேட்டை வெளியிடுபவர்களுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா?

ஊழியர்கள் தகவல் வெளியிட்டதற்காக வேலையில் பழிவாங்கப்படக் கூடாது என்று 2000ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று பாதுகாப்பளிக்கிறது. உயிருக்கு ஆபத்து வந்தால் அது போதாது. ஹவுடெங் சுகாதாரத் துறையின் நிதி அதிகாரி பபிதா தியோகரன், டெம்பிசா மருத்துவமனையின் சந்தேகத்துக்குரிய கொள்முதல்களைச் சுட்டிக்காட்டி, பணம் வழங்குவதை நிறுத்தச் சொல்லியிருந்தார். 2021 ஆகஸ்ட் 23 காலை, மகளைப் பள்ளியில் விட்டுத் திரும்பியபோது வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்ட ஆறு பேருக்கு 2023 ஆகஸ்டில் 6 முதல் 22 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை கிடைத்தது. கொலைக்கு ஏவியவர்கள் அந்த வழக்கில் தண்டிக்கப்படவில்லை.

ஜோண்டோ ஆணையம் கேட்ட பாதுகாப்பு இதைவிட விரிவானது: தகவல் தருபவருக்கு உடல் பாதுகாப்பு, வழக்குகளிலிருந்து விலக்கு, மீட்கப்படும் தொகையில் ஒரு பங்கு. இவற்றோடு, மிரட்டல் வந்த நாளிலேயே காவல் கொடுக்கும் பொறுப்பு எந்த அலுவலகத்தைச் சேர்ந்தது என்பதையும் சட்டத்தில் பெயர் சொல்லி எழுத வேண்டும். என்கான்ட்லா தீர்ப்பு மக்கள் பாதுகாவலரின் அறிக்கைக்குக் கொடுத்த கட்டாயத் தன்மையை, ஒரு மருத்துவமனைக் கணக்காளர் எழுதும் எச்சரிக்கைக் குறிப்புக்கும் கொடுக்க வேண்டும்: அதைப் பெற்ற மேலதிகாரி குறிப்பிட்ட நாட்களுக்குள் எழுத்தில் பதில் தராவிட்டால், கோப்பு நேரே தணிக்கையாளரிடம் செல்ல வேண்டும்.